புள்ளி வைத்த நூற்றெண்பது

“சார், ஒங்க பென்டிரைவுல வைரஸ் இருக்கு.”

மழையில் நனைந்து நின்றவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். ‘அப்படிங்களா’ என்று அடக்கமாகக் கேட்டிருந்தால் பொற்கொடியும் வந்த வேலையைப் பார்த்து அனுப்பியிருப்பாள். நமக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்காது.

“என் லேப்டாப்புல வைரஸ் வராதுங்க. அது ஆப்பிள் மேக்.”

“வராதுன்னு யாரும் பத்திரத்துல எழுதிக் குடுத்துருக்காங்களா?”

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து, இமையில் தொங்கி, கன்னத்தில் இறங்கியது. துடைக்கக்கூட மறந்து அவளையே பார்த்தான்... பெரிய கண்கள். தோளில் கேமராப் பை மாட்டியிருக்கிறவனுக்கு இவ்வளவு பெரிய கண்கள் எதற்கு என்று பொற்கொடி எரிச்சலோடு நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் எரிச்சல் தன் மேலேயே திரும்பியது. வருகிறவன் போகிறவன் கண்ணை அளக்கவா அவளுக்குச் சம்பளம்?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் மாடிப்படி ஏறினால் ‘நிலா டிஜிட்டல் ஆல்பம்’. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம்... எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் படங்களை அடுக்கி ஆல்பமாக வடிவமைப்பவள் பொற்கொடிதான். அரிமளத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் ஒருவருடைய ஒரு படத்தைக்கூட அவள் தொலைத்ததில்லை. சொந்த வீடு, நகை நட்டு என்று சொல்லிக்கொள்ள அவளிடம் எதுவுமில்லை. ‘பொற்கொடி கையில குடுத்தா படம் பத்திரம்’ என்று ஊரிலிருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் அவள் சொத்து.

“இங்கிட்டு வந்து பாருங்க சார்.” திரையை அவன் பக்கம் திருப்பினாள். “ஆயிரத்து எரநூத்து நாப்பது படம்னு சொன்னீங்க. இங்க ரெண்டாயிரத்து நானூத்து எம்பது இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி. பேருக்கு முன்னாடி புள்ளி, ஒரு அடிக்கோடு. தெறந்தா தெறக்க மாட்டேங்குது. இது வைரஸ் இல்லாம வேறென்ன?”

அவன் குனிந்து பார்த்தான். முகம் மாறியது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் முகம் அல்ல. தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கத் துடிக்கும் முகம்.

“அதுவா... மேக்குல இருந்து பென்டிரைவுக்குப் படத்த மாத்துறப்ப அது கூடவே விட்டுட்டுப் போற துண்டு ஃபைலுங்க அது. படத்தோட சில விவரம் மட்டும் அதுல இருக்கும். மேக்குல கண்ணுக்கே தெரியாது. சாதாரணமா விண்டோஸ்லயும் மறைஞ்சுதான் கெடக்கும். ஒங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னுதான் புரியல.”

தெரிந்ததற்குக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வைரஸ் ஊரிலிருந்த பென்டிரைவுகளில் எல்லாம் சுற்றி, படங்களை மறைத்துவிட்டு வெறும் ஷார்ட்கட்டைக் காட்டி எல்லோரையும் அழ வைத்தது. அப்போது பயந்துபோன முதலாளி ஆவுடையப்பன், மறைந்து கிடப்பதையெல்லாம் காட்டும்படி கடையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாற்றி வைத்தார். வைரஸ் போய்ச் சேர்ந்தது. மாற்றினது மாற்றினபடி நின்றுவிட்டது.

“குப்பைங்க அது. புள்ளி வச்சதையெல்லாம் அழிச்சுருங்க.”

“நான் அழிக்க மாட்டேன்.”

“ஏங்க?”

“வந்தவங்க பென்டிரைவுல நான் எதையும் அழிக்கிறதில்ல. இன்னைக்குக் குப்பைம்பீங்க. நாளைக்கு மாமனார் படத்தக் காணோம்னு வந்து நிப்பீங்க.”

“எனக்கு இன்னும் மாமனாரே இல்லீங்க.”

பொற்கொடிக்குச் சுருக்கென்று முகம் சிவந்தது. ‘நான் கேட்டேனா? இவனுக்கு மாமனார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன...’ ரசீதுப் புத்தகத்தை வேகமாக இழுத்தாள். “பேரு சொல்லுங்க சார்.”

“ராம்நாத். திருமயம் பக்கம். தங்கச்சி வைஷ்ணவி கல்யாணத்துப் படம். வேற ஆள் எடுத்தா சரியா வராதுன்னு நானே எடுத்தேன்.”

‘அதுதானே! திமிருக்குத் திருமயம்வரை விலாசம் இருக்கிறது’ என்று எண்ணிக்கொண்டே அவள் எழுதினாள். அவன் படியிறங்கிப் போனான். ஜன்னல் வழியாக மழை தெரிந்தது. மழைக்குள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடும் ஒரு நீலச்சட்டையும் தெரிந்தது. அவள் மழையைத்தான் பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

நாலாம் நாள் அவன் மறுபடி வந்தான். ஆல்பத்துக்கு வேண்டிய படங்களை வீட்டிலே உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அவற்றின் எண்களைத் தாளில் எழுதிக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். ராம்நாத்தும் எழுதித்தான் கொண்டுவந்தான். ஆனால் அன்றைக்கும் மழை. மை ஊறி, ஏழெல்லாம் ஒன்றாகி, எட்டெல்லாம் பூஜ்யமாகிக் கிடந்தது.

“இது ஏழா, ஒண்ணா?”

“ஏழு... இல்ல, ஒண்ணு.”

“சார், ஒங்களுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணாம் நம்பர் படம் வாழைமரம். ஏழாம் நம்பர் படம் ஒங்கம்மா. மாத்தி வச்சா வீட்டுக்குள்ள நீங்கதான் போக முடியாது.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இந்த முறை அந்தச் சிரிப்பு அவளுக்குக் கோபமூட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கோபமாக இருந்தது.

“வேண்டிய படத்த மட்டும் தனி ஃபோல்டர்ல போட்டுக் கொண்டாங்க. அந்தக் குப்பையச் சுத்தம் பண்ணிட்டுக் கொண்டாங்க.”

கொண்டுவந்தான்... ஆனால் சுத்தம் பண்ணாமல். மூன்றாவது முறை. நூற்றெண்பது படங்கள், அவற்றுக்குத் துணையாகப் புள்ளி வைத்த நூற்றெண்பது.

“மறந்துட்டேங்க” என்றான், மறந்தவன் முகம் இல்லாமல். “ஆனா ஒங்க கம்ப்யூட்டர் மட்டும் என்ன யோக்கியமா? இங்க இருந்து எடுத்துட்டுப் போன பென்டிரைவுல ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’னு நான் போடாத ஒரு ஃபோல்டர் உக்காந்திருக்கு. யாரு வச்சது?”

“நாங்க ஒண்ணே ஒண்ணு வச்சோம். நீங்க படத்துக்கு ஒண்ணு வச்சீங்க. யாரு யாரக் கேக்குறது?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மத்தியானம்தான், ஆனால் மேகம் கட்டியிருந்ததில் அறை மங்கிவிட்டது. யூபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பிக்க, அவள் பதறிப்போய் வேலையைச் சேமிக்கத் தட்டினாள். அவன் சட்டென்று செல்போன் விளக்கைப் போட்டு விசைப்பலகைக்கு மேலே பிடித்தான். வெளிச்சம் அவள் விரலில் விழுந்தது, வளையலில் விழுந்தது... நிமிர்ந்தபோது கண்ணில் விழுந்தது. யூபிஎஸ் மட்டும் விவஸ்தையில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.

திரையில் திறந்திருந்தது ஒரு படம். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய நகை... அத்தனையோடும் கல்யாணப் பெண் வைஷ்ணவி வாய் நிறையக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பொற்கொடி தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

“சார், இது ரொம்ப அழகா இருக்கு. இதத்தான் கடைசிப் பக்கத்துல வைக்கணும்.”

பாராட்டினால் யாருக்கும் முகம் மலரும். இவன் முகமோ தொங்கிப் போனது. “ஓ... நீங்களே சொல்லிட்டீங்களா” என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான். என்ன மனுஷன் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆல்பம் தயாராகி, கடை வண்டியில் திருமயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. ராம்நாத்தின் அம்மா அலமேலு ஆச்சி. போனை எடுத்த ஆவுடையப்பனின் முகம் வெளுத்துக்கொண்டே போனதைப் பொற்கொடி தன் இடத்திலிருந்து பார்த்தாள்.

விஷயம் இதுதான். தேர்ந்தெடுத்த படங்கள் வந்த அன்றைக்கே ஆவுடையப்பன் தன் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்து, கீழே தெரிந்த எண்ணைப் பார்த்து, “முந்நூத்து அறுபது படம் வந்து சேந்துருச்சு ஆச்சி” என்று பெருமையாக அறிவித்திருந்தார். ஆச்சி எதையும் எண்ணிப் பார்க்கிறவர். ஆல்பத்தை மடியில் வைத்து எண்ணினார். நூற்றெண்பது. போதாததற்கு, ஆவுடையார்கோவிலிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவின் படம் ஆல்பத்தில் ஓரிடத்திலும் இல்லை. சம்பந்தி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாதிப் படத்தைக் கடைக்காரர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று ஆச்சி முடிவு கட்டிவிட்டார்.

“அந்த நூத்தெம்பதும் படமே இல்லைங்கண்ணே” என்றாள் பொற்கொடி. “மேக்குல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த துண்டு. ஒரு படம் எட்டு எம்பி இருக்கு, இது ஒவ்வொண்ணும் நாலு கேபி, படத்துல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. நீங்களே பாருங்க.”

ஆவுடையப்பன் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்ததை அவர் கண் சொன்னது. வாய் வேறு சொன்னது. “எனக்குப் புரியுதும்மா, ஆச்சிக்குப் புரியணும்ல? அவங்க சொந்தத்துல இந்த வருஷம் மட்டும் ஆறு கல்யாணம். ஞாயித்துக்கெழமை நேர்ல வாராங்க. படம் கெட்டுப்போச்சு, என் தப்புதான், மன்னிச்சுருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. ஒரு சாரில என்ன கொறஞ்சுரும்?”

“செய்யாத தப்புக்கா?”

“அவங்க மவனையே கேட்டுட்டாங்களாம். எல்லாம் சரியாத்தான் குடுத்தேன்னு அந்தத் தம்பியே சொல்லிருச்சாம்.”

அந்த வார்த்தை பொற்கொடியை எங்கேயோ அடித்தது. புள்ளி வைத்ததெல்லாம் குப்பை என்று முதல் நாளே சொன்னவன்... அவனே இப்படிச் சொன்னானா?

அதைவிடக் கொடுமை மத்தியானம் நடந்தது. பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரரிடம் ஆவுடையப்பன் பேசிக்கொண்டிருந்தார். “நம்ம பொற்கொடிதான்... பாதிப் படத்தக் கெடுத்துருச்சு... என்ன பண்றது.” அடுத்து இன்னொரு ஸ்டூடியோவுக்கும் அதே பேச்சு. ஆறு வருஷமாகச் சேர்த்த பெயர், இரண்டு போனில் போயிற்று.

மாலையில் அவள் வைராக்கியமாக உட்கார்ந்தாள். புள்ளி வைத்த கோப்புகளை ஒவ்வொன்றாக, எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடில் திறந்தாள். படம் இல்லை என்று காட்ட ஒரு தடயமாவது வேண்டாமா? ஒன்று, இரண்டு, ஐம்பது, நூறு... எல்லாம் கட்டமும் கிறுக்கலும். இதைக் காட்டினால் ‘கெட்டுப்போன படம் இப்படித்தான் இருக்கும்’ என்பார்கள். கேமரா போட்ட எண்ணில் நானூற்று ஐம்பத்தேழாவதற்கு வந்தாள். கொட்டாவிப் படத்தின் ஜோடி.

கிறுக்கலுக்கு நடுவே எழுத்து தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். மேக்கில் ஒரு படத்தின் விவரப் பெட்டியில் நமக்கு நாமே குறிப்பு எழுதிக்கொள்ள ஓர் இடம் உண்டு. பென்டிரைவுக்கு மாறும்போது அந்தக் குறிப்பு இந்தத் துண்டில் ஏறிக்கொள்ளும் என்பது எழுதினவனுக்கே தெரிந்திருக்காது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘இத கடைசி பக்கத்துல வைக்க சொல்லணும். பொற்கொடி ஒத்துக்க மாட்டாங்க. சண்டை போடுவாங்க. போடட்டும். அவங்க சண்டை போடுறப்ப பாத்துக்கிட்டே இருக்கலாம். ரெண்டு தடவை போயாச்சு. நாளைக்கு மூணாவது. அதுக்கப்புறம் போக என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல.’

பொற்கொடிக்குக் காது இரண்டும் சுட்டது. அன்றைக்கு அவன் முகம் ஏன் தொங்கியது என்று இப்போது புரிந்தது. சண்டை போடுவாள் என்று ஆசையாக வந்தவனிடம் ‘அழகா இருக்கு’ என்று சொல்லித் தொலைத்தாளே! சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இப்படி எழுதினவனா வீட்டில் அப்படிச் சொன்னான்?

தடயம் கையில் கிடைத்துவிட்டது. இதைக் காட்டினால் போதும், படமில்லை என்று யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் காட்டினால்...? அவன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட வார்த்தைகள் கடை நடுவே விரியும். ‘பையனை வளைச்சுப் போட்டுட்டா’ என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். காட்ட மாட்டேன், அவள் தீர்மானித்தாள். அவனுக்குப் போன் போட்டுச் சாட்சிக்கு வா என்று கெஞ்சவும் மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். மூன்று மாட்டேன்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு அவள் அரிமளம் பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அலமேலு ஆச்சி வந்தார். காலையிலிருந்தே தூறல். ஆச்சி குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தப் புள்ளைதானா?”

“ஆமாங்க ஆச்சி” என்றார் ஆவுடையப்பன். “சொல்லும்மா.”

பொற்கொடி எழுந்து நின்றாள். மரியாதைக்கு எழுந்தாள், தலை குனியவில்லை. “ஆச்சி, நீங்க குடுத்தது நூத்தெம்பது படம். ஆல்பத்துல நூத்தெம்பதும் இருக்கு. ஒண்ணுகூடக் கெடல, தொலையல. சம்பந்தி வீட்டுச் சித்தப்பா படம் நீங்க குடுத்ததுலயே இல்ல. இதுதாங்க நடந்தது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? ஒங்க மொதலாளியே முந்நூத்து அறுபதுன்னாரு.”

“அவரு பாக்காமச் சொன்னாருங்க.”

ஆவுடையப்பனுக்கு வேர்த்தது. “பொற்கொடி, பேச்ச வளக்காதே. ஒரு சாரி சொல்லிட்டு உக்காரு.”

“சொல்ல மாட்டேங்கண்ணே.”

“சொல்லாட்டி நாளையில இருந்து வேலைக்கு வராதே!”

பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். வீட்டில் அப்பாவுக்கு மருந்து, தம்பிக்குப் படிப்பு, எல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. இருந்தும் அவள் கை, சாப்பாட்டுப் பையைத்தான் எடுத்தது.

“சரிங்கண்ணே. வேலை போனாப் போகுது. ஆனா நாந்தான் கெடுத்தேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

அப்போதுதான் படியில் தடதடவென்று காலடிச் சத்தம். காரை நிறுத்த இடம் தேடி வீதியைச் சுற்றிவிட்டு, தலை நனைய ராம்நாத் உள்ளே வந்தான். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“என்ன ஆத்தா நடக்குது? ஆல்பம் பத்திக் கேக்கணும்னுதானே கூட்டியாரச் சொன்னீங்க?”

ஆவுடையப்பன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க ராம்நாத்தின் முகம் கறுத்தது.

“நீங்க போன்ல என்ன கேட்டீங்க ஆத்தா? படமெல்லாம் சரியாக் குடுத்தியான்னு கேட்டீங்க. ஆமான்னேன். நான் மணமேல்குடில ஒரு கல்யாண வேலையில நின்னுக்கிட்டிருந்தேன். இவங்களக் குத்தம் சொல்லத்தான் கேக்குறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த நூத்தெம்பதும் என் லேப்டாப்பு போட்ட குப்பை. சுத்தம் பண்ணச் சொல்லி இவங்க சொன்னாங்க. பண்ணாதது நாந்தான்.”

பொற்கொடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அப்படிச் சொல்லவில்லை... சொல்லவே இல்லை!

ஆச்சி அசையவில்லை. “அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பேசாதடா. குப்பைன்னா தெறந்து காட்டு.”

“காட்டுறேன், ஒவ்வொண்ணாக் காட்டுறேன்.” அவன் பொற்கொடியின் நாற்காலியில் உட்கார்ந்து மளமளவென்று திறக்க ஆரம்பித்தான். “பாருங்க, இதுல படம் எங்க இருக்கு? இது? இது...?” எண்கள் ஓடின. முந்நூறு, நானூறு, நானூற்று இருபது...

பொற்கொடி திரைக்கு முன்னால் கையை நீட்டினாள். “போதும் சார்! அதுக்கு மேல வேணாம்.”

“ஏன் வேணாம்?” ஆச்சியின் குரல் சாட்டை மாதிரி வந்தது. “எதையோ மறைக்கிறா. தெறடா.”

“சார், வேணாம்...”

அவன் கை அதற்குள் அழுத்திவிட்டது. நானூற்று ஐம்பத்தேழு. கிறுக்கலுக்கு நடுவே எழுத்துகள். ராம்நாத் பார்த்தான். தன் வார்த்தைகளைத் தானே பார்த்தான். காதுமடல் வரை ரத்தம் ஏறியது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். ‘தெரியுமா?’ என்று கேட்டன அந்தக் கண்கள். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என்னடா அது? படி.”

மூடிவிடலாம். ஒரே ஒரு தட்டு. இது வேலைக் குறிப்பு என்று ஒரு பொய் சொன்னால் அம்மா நம்பிவிடுவார். ராம்நாத் ஒரு நொடி யோசித்தான். பிறகு, பை எடுத்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தான். வேலை போகிற நேரத்திலும் வாய் திறக்காமல் நின்றவள் முன்னால் பொய் சொல்ல அவனுக்கு வெட்கமாயிருந்தது.

சத்தமாகப் படித்தான். ‘பொற்கொடி ஒத்துக்க மாட்டாங்க’விலிருந்து ‘என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல’ வரை, ஓர் எழுத்து விடாமல்.

“இத எழுதுனது நாந்தான் ஆத்தா. இவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எனக்கு நானே எழுதுனது. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. தெரியட்டும். நான் மாத்திச் சொல்றதா இல்ல.”

ஆவுடையப்பன் இருமினார். “சரி, சரி... எல்லாம் தெளிவாயிருச்சு. பொற்கொடி, பைய வைம்மா. நடந்தத மறந்துரு.”

“எப்படிங்கண்ணே மறக்குறது?” பொற்கொடி நிமிர்ந்தாள். “ரெண்டு ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு நான் படத்தக் கெடுத்தேன்னு சொன்னீங்க. அதே ரெண்டு பேருக்கும் இப்பப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அப்புறந்தான் பைய வைப்பேன்.”

“அம்மாடி, இப்பவேவா...”

“இப்பவேங்கண்ணே.”

போட்டார். முதல் போனில் முனகினார், “சத்தமாங்கண்ணே” என்றாள். இரண்டாவது போனில் தெளிவாகவே சொன்னார்: “பொற்கொடி மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்.” அவள் பையை மேசைமேல் வைத்தாள்.

அலமேலு ஆச்சி இவ்வளவு நேரமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் அவசரப்பட்டுட்டேன்” என்றார், அந்த வார்த்தை வாயில் கசந்தாலும் முழுசாக. “அது வேற. ஆனா எம்மவன் எழுதுனதுக்கு நான் தலையாட்டிருவேன்னு மட்டும் நெனக்காத. எங்க வீட்டு வழக்கம் வேற, ஒங்க வீட்டு வழக்கம் வேற.”

“ஆத்தா, நீங்க தலையாட்டுற வரைக்கும் காத்திருப்பேன்” என்றான் ராம்நாத். “ஆனா பேச்ச மாத்த மாட்டேன்.”

“நீ சும்மாருடா.” ஆச்சி அவளிடம் திரும்பினார். “இங்க பாரு புள்ளை, ஒண்ணு கேக்கணும். இத நீ எப்பப் பாத்தே?”

“வெள்ளிக்கெழமையேங்க ஆச்சி.”

“வெள்ளிக்கெழமையேவா! அப்ப நான் வந்ததும் இத எடுத்துக் காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்ல? பேரு கெட்டுப்போகுது, வேலை போகுது... அப்பவும் வாய மூடிக்கிட்டு நின்னியே, ஏன்?”

ராம்நாத்தும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்து நின்றான். வெளியே தூறல் வலுத்து மழையாகியிருந்தது. பொற்கொடி அவன் பக்கம் திரும்பவில்லை. ஆச்சியின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“வேற யாரு எழுதியிருந்தாலும் வெள்ளிக்கெழமையே காட்டியிருப்பேங்க ஆச்சி. இவரு எழுதுனதுனாலதான் காட்டல. எனக்கு இவரப் புடிச்சிருக்கு.”